தட்டச்சை விட்டுக் குரலுக்கு: நம் பிள்ளைகள் ஏன் பேசி அனுப்புகிறார்கள்?

கல்லூரியில் படிக்கும் உங்கள் மகளும் அவருடைய தோழிகளும் வாட்ஸ்அப்பில் எதையும் தட்டச்சு செய்வதில்லை, எல்லாவற்றையும் பேசிப் பதிவு செய்தே அனுப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இது வெறும் சோம்பலா, இப்படியே போனால் அடுத்த தலைமுறைக்குத் தமிழில் எழுதும் பழக்கமே அற்றுப்போய்விடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழை உள்ளிடுவது தொடர்பான வேலைகளில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். இது சோம்பல் அல்ல என்பது என் உறுதியான கருத்து. நம் பிள்ளைகள் குரலுக்குப் போகும்போது கைவிட்டது பெரும்பாலும் தமிழ் எழுத்தை அல்ல. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக்கொண்டிருந்த சங்கடத்தைத்தான் அவர்கள் கைவிட்டார்கள். இழப்பு ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் நீங்கள் அஞ்சுகிற இடத்தில் அது இல்லை.

பேசுவது வேகமானது, அதனால்தான் பேசுகிறார்கள் என்பது எல்லோரும் சொல்லும் காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சீனாவின் பைடு என்ற இணைய நிறுவனமும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், கைப்பேசியில் ஆங்கிலத்தைத் தட்டச்சு செய்வதைவிடப் பேசி உள்ளிடுவது ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாக இருந்தது. ஆனால் இன்னொரு ஆய்வையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தினர் பிற நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, சுமார் 37,000 பேர் கைப்பேசியில் தட்டச்சு செய்யும் வேகத்தை அளந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்கள் நிமிடத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 40 சொற்கள் அடித்தார்கள். அது அவர்களுடைய பெற்றோரின் தலைமுறையைவிட ஏறக்குறைய 10 சொற்கள் அதிகம். அதாவது, தட்டச்சில் மிக வேகமான கைகளை உடைய தலைமுறைதான் தட்டச்சை விட்டுப் போகிறது. எனவே வேகம் மட்டுமே காரணம் என்றால் கணக்கு சரியாக வரவில்லை. தமிழ் இளைஞர்களைப் பொறுத்தவரை காரணத்தைத் தமிழ் கைப்பேசிக்குள் வந்து சேர்ந்த வரலாற்றில்தான் தேட வேண்டும்.

குறுஞ்செய்தி மட்டுமே இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் வரை இடம் உண்டு. அதே செய்தியைத் தமிழ் எழுத்தில், அதாவது யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில், அனுப்பினால் 70 இடங்கள்தான் கிடைக்கும். அந்த 70இலும் நாம் ஓர் எழுத்து என்று நினைப்பது ஓர் இடத்தோடு நிற்பதில்லை. மெய்க்கு மேல் வைக்கும் புள்ளியும், கால், கொம்பு, கொக்கி எல்லாமும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘வணக்கம்’ என்பதற்கு மட்டும் 7 இடங்கள் போய்விடும். ‘நாளை காலை பத்து மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடு’ என்று எழுதினால் இடைவெளிகளையும் சேர்த்து 57 இடங்கள். அதற்கு மேல் இன்னொரு வரி சேர்த்தால் இரண்டு செய்திகளுக்கான கட்டணம். பொங்கல், தீபாவளி போன்ற நாட்களில் குறுஞ்செய்திச் சலுகைப் பேக் செல்லாது என்று நிறுவனங்கள் அறிவித்துக்கொண்டிருந்த காலம் அது. அனுப்பினாலும், பெறுபவரின் கைப்பேசியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். இப்படிப்பட்ட நிலையில் ஒரு தலைமுறையே ஆங்கில எழுத்துகளைக் கொண்டு தமிழை எழுதப் பழகிக்கொண்டதில் வியப்பு இல்லை.

தீர்வுகள் வராமல் இல்லை. தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு 1999இலேயே தரப்படுத்தியது. முத்து நெடுமாறனின் செல்லினம் செயலி கைப்பேசித் தமிழுக்குப் பெரிய வழியைத் திறந்தது. 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஐஃபோனுக்குள்ளேயே தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளும் இடம்பெற்றன. ஆண்ட்ராய்டிலும் தமிழ் விசைப்பலகைகள் இலவசமாகக் கிடைத்தன. ஆனால் கருவி வந்து சேர்வதற்குள் கை வேறு வழியில் பழகிவிட்டது. அதோடு, தமிழ்த் தட்டச்சைப் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளியில் முறையாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து என்பது தேர்வுத்தாளில் பேனாவால் எழுதுவது. கைப்பேசித் திரையில் விரலால் எழுதுவது அல்ல.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது எளிது என்று நினைப்பவர்கள் அதை வாசிப்பவரின் பக்கத்திலிருந்து பார்ப்பதில்லை. ‘பள்ளி’, ‘பல்லி’ இரண்டும் அங்கே ஒரே மாதிரிதான் இருக்கும். மனமும் மணமும் ஒன்று, கரியும் கறியும் ஒன்று. நெடிலை ஒருவர் இரட்டித்து எழுதுவார், இன்னொருவர் ஒற்றையாக விடுவார். ழகரத்துக்கு ஒருவர் மூன்று எழுத்துகளைப் போடுவார், இன்னொருவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தால்தான் பொருள் பிடிபடும். நண்பர்கள் ஒருவருக்கொருவர் இந்த எழுத்தைப் பழகிக்கொள்வார்கள் என்றாலும், கொஞ்சம் நீளமாக, மனத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் அது தாங்குவதில்லை. இரண்டு வரிக்கு மேல் போனால் எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் சலித்துவிடும். அந்தச் சலிப்பு ஏற்படும் இடத்தில்தான் மைக் பொத்தான் காத்திருக்கிறது.

சரி, தமிழ் எழுத்திலேயே எழுதலாமே என்றால், அங்கே இதைவிட ஆழமான ஒரு தடை இருக்கிறது. என் பார்வையில் இந்த விஷயத்தின் மையமே அதுதான். ஒரே மொழியில் பேச்சுக்கு ஒரு வழக்கும் எழுத்துக்கு வேறொரு வழக்குமாக ஒரே சமூகம் வைத்துக்கொண்டிருக்கும் நிலையை மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் விரிவாக விளக்கினார். அரபு, சுவிஸ் ஜெர்மன், கிரேக்கம் முதலியவை அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகள். தமிழ் அந்த இரட்டை வழக்குக்கு அவற்றுக்குச் சற்றும் குறையாத சான்று. தோழிக்கு ‘நான் நாளை வருகிறேன்’ என்று எழுதினால் அது அறிவிப்புப் பலகையில் ஒட்டியதுபோல் விறைப்பாக இருக்கும். பேசுவதுபோல் எழுத நினைத்தாலோ ‘வரேன்’ என்பதா, ‘வர்றேன்’ என்பதா, ‘வாரேன்’ என்பதா? இவற்றுக்கு ஒப்புக்கொண்ட எழுத்துமுறை கிடையாது. விசைப்பலகையின் பரிந்துரைப் பட்டையும் பெரும்பாலும் எழுத்துவழக்குப் பக்கமே இழுக்கும். கோவைக்காரர் ‘வர்றனுங்க’ என்பதையும் யாழ்ப்பாணத்தவர் ‘வாறன்’ என்பதையும் திரையில் எழுதும்போது, தவறாக எழுதுகிறோமோ என்ற கூச்சம் உள்ளூர இருந்துகொண்டே இருக்கும். பள்ளியில் தமிழாசிரியர் சிவப்பு மையால் கோடிட்ட நினைவு அவ்வளவு எளிதில் போகாது. குரல் பதிவில் இந்தக் கேள்விகள் ஒன்றுகூட எழுவதில்லை. ஊர் வழக்கு, ஆங்கிலக் கலப்பு, நடுவில் வரும் சிரிப்பு எல்லாம் உள்ளபடி போய்ச் சேர்கின்றன. சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பேசும் இளைஞர்கள் தங்கள் வட்டார வழக்கையே கூச்சமில்லாமல் செய்திகளில் எழுதுகிறார்கள்; நம்மிடம் அந்தத் துணிவு எழுத்தில் வருவதற்கு முன்பே குரல் வந்துவிட்டது.

எழுத்தை உள்ளிடுவது சிக்கலான வேறொரு மொழியிலும் குரல் மிக விரைவில் வேரூன்றியது. சீனாவின் வீசாட் என்ற செய்திச் செயலி 2011 ஜனவரியில் தொடங்கி, அதே ஆண்டு மே மாதத்திலேயே 60 விநாடிக் குரல் செய்தியைக் கொண்டுவந்தது. வாட்ஸ்அப்பில் அந்த வசதி 2013 ஆகஸ்டில்தான் வந்தது. 2022 மார்ச்சில் அந்த நிறுவனமே சொன்ன கணக்குப்படி உலகம் முழுவதும் நாளொன்றுக்குச் சராசரியாக 700 கோடி குரல் செய்திகள் அதன் வழியாகப் போகின்றன. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததுதான் திருப்பம் என்று பலரும் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் காரணத்தைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குரலைப் பதிவு செய்யப் பயன்படுத்தும் ஓபஸ் என்ற முறை மிகச் சிக்கனமானது. விநாடிக்கு 16 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு நிமிடப் பேச்சு சுமார் 120 கிலோபைட்டில் அடங்கிவிடும். ஒரு ஜிபி 200 ரூபாய்க்கு மேல் விற்ற காலத்திலும் அதன் செலவு சில பைசாக்கள்தான். ஆனால் அந்தக் காலத்தில் நாம் டேட்டாவை அணைத்தே வைத்திருந்தோம். தேவைப்படும்போது திறந்து, வந்த செய்திகளைப் பார்த்துவிட்டு உடனே மூடுவோம். அந்த நிலையில் குரல் செய்தியை அனுப்பிவிட்டு, கேட்டாரா என்று காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. எப்போதும் இணைப்பில் இருக்கலாம் என்ற நிலை வந்த பிறகுதான் அது உரையாடலாக மாறியது.

மாலையில் கல்லூரி விட்டு வரும் நகரப் பேருந்தில் இதை நீங்களே பார்க்கலாம். ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கிறது, தோளில் பை தொங்குகிறது. இன்னொரு கையில் கைப்பேசியைக் காதில் வைக்காமல் கிடைமட்டமாக வாய்க்கு நேரே பிடித்திருக்கிறார் அந்தப் பெண். கட்டைவிரல் மைக்கை அழுத்தி, அப்படியே மேலே தள்ளிப் பூட்டுகிறது. இனி விரலை எடுத்துவிடலாம். ‘ஏய், என்னாச்சு தெரியுமா’ என்று தொடங்கிய பேச்சு நடத்துநரின் விசிலையும் அடுத்த நிறுத்தத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டே போகிறது. நடுவில் யாரோ இறங்க வழி கேட்க, ‘இருடி’ என்று சொல்லி ஒதுங்கி நின்று மறுபடியும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. அந்த ஒரு கையால், அந்த நெரிசலில், இதைத் தமிழில் தட்டச்சு செய்யச் சொன்னால் யாராலும் முடியாது.

அப்படியானால் நேரே அழைத்துப் பேசிவிடலாமே என்று நம் வயதினருக்குத் தோன்றும். அழைப்பு என்பது எதிரில் இருப்பவரின் நேரத்தை அந்தக் கணமே கேட்கிறது. அவர் வகுப்பில் இருக்கலாம், வீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். குரல் பதிவு அப்படி நெருக்குவதில்லை, அவர் வசதிப்படும்போது கேட்டுக்கொள்வார். நமக்கும் இது அவ்வளவு புதிதல்ல. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களுக்கு வீட்டார் ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வந்து திரும்புபவர் கையில் கொடுத்தனுப்பிய காலம் உண்டு. குழந்தையின் மழலையும் பாட்டியின் அழுகையும் அந்த நாடாவில் போயின. எழுதத் தெரியாத மனைவிக்கும் தாய்க்கும், பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சிக் கடிதம் எழுதிவாங்க வேண்டிய நிலையிலிருந்து அது விடுதலை தந்தது. இன்று வாட்ஸ்அப் குரலை அதிகம் நம்பியிருப்பவர்களில் அப்படிப்பட்ட மூத்தவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு, இதை இளைஞர்களின் கெட்ட பழக்கமாக மட்டும் பேசுவது நியாயமாகாது.

குரல் எதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. 2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் வெளியிட்ட ஆய்வில், சில வாக்கியங்களைக் குத்தலாகவும் சிலவற்றை நேராகவும் குரலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினார்கள். குரலில் கேட்டவர்கள் அதைப் பெரும்பாலும் சரியாக இனம் கண்டார்கள். மின்னஞ்சலில் வாசித்தவர்களுக்குப் பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடச் சற்றே மேலான பலன்தான் கிடைத்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெஞ்சைத் தொடுவது. மன அழுத்தம் தரும் பணியை முடித்த சிறுமிகளில், தாயின் குரலைக் கேட்டவர்களுக்கு நெருக்க உணர்வோடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடியது, பதற்றத்துக்கான ஹார்மோன் குறைந்தது. தாயோடு தட்டச்சில் உரையாடியவர்களின் உடலில் தாயோடு தொடர்பே கொள்ளாதவர்களின் நிலைதான் காணப்பட்டது. விடுதியில் தனியாக இருக்கும் உங்கள் மகளின் தோழி ஒருவர் எழுத்தைவிடக் குரலை ஏன் விரும்புகிறார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இனி இழப்பைப் பற்றிப் பேச வேண்டும். குரல் செய்தி அனுப்புபவரின் நேரத்தை மிச்சப்படுத்திப் பெறுபவரின் நேரத்தைச் செலவழிக்கிறது. ஆங்கிலத்தை அமைதியாக வாசிப்பவர் நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்களை வாசிக்கிறார் என்று 2019இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு கணக்கிட்டது. பேசுபவரோ 150 சொற்களைச் சுற்றித்தான் பேசுவார். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் எண்கள் மாறும், ஆனால் கண் காதை முந்தும் என்பது மாறாது. அதைவிட முக்கியமானது, கண்ணுக்குத் தாவத் தெரியும். வேண்டிய வரியைத் தேடிப் போகும். காது தொடக்கத்திலிருந்தே நடந்துதான் ஆக வேண்டும். 60 பேர் இருக்கும் வகுப்புக் குழுவில் ஒருவர் மூன்று நிமிடம் பேசி அனுப்பினால், எல்லோரும் கேட்டு முடிக்க மொத்தமாக ஏறத்தாழ மூன்று மணி நேரம் செலவாகிறது. அதில் எல்லோருக்கும் வேண்டியது செய்முறைத் தேர்வு எந்தத் தேதியில் என்ற ஒரே விவரமாக இருக்கும். அது இரண்டாவது நிமிடத்தின் கடைசியில், இரண்டு பெருமூச்சுகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும். ஒரு வாரம் கழித்துத் தேடினால் கிடைக்காது. 2021இல் வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேக வசதியே, கேட்பவர்கள் பட்ட பாட்டுக்கு அந்த நிறுவனம் தந்த ஒப்புதல் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். காது கேளாதவர்களுக்கோ அந்த வேகமும் உதவாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். ஒரு வகுப்புக் குழு முழுவதும் குரலுக்கு மாறிவிட்டால் அங்கே படிக்கும் அப்படிப்பட்ட மாணவர் சத்தமில்லாமல் வெளியே தள்ளப்படுகிறார். இது என்னை மிகவும் உறுத்தும் விஷயம்.

எழுத்துப் பழக்கத்தைப் பொறுத்தவரை, தமிழ் எழுத்தின் மீது ஏற்கெனவே கை வைக்காதவர்களிடமிருந்து குரல் அதைப் பறித்துவிட முடியாது. பறிபோகக்கூடியது வேறொன்று. எழுதும்போது ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு மறுபடியும் பார்க்கிறோம். இது முதலில் வர வேண்டும், அது தேவையில்லை என்று மாற்றுகிறோம். கோபத்தில் எழுதிய சொல்லை அனுப்பும் முன் அழிக்கிறோம். எதிரில் இருப்பவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று யோசித்து வரிசைப்படுத்தும் அந்தப் பயிற்சி எந்த மொழியில், எந்த எழுத்தில் எழுதினாலும் கிடைப்பது. குரலில் நினைவு வந்த வரிசையிலேயே எல்லாம் போகும். ‘அப்புறம் சொல்ல மறந்துட்டேன்’ என்று இன்னொரு பதிவு பின்னால் வரும். நண்பர்களுக்குள் அது அழகுதான். ஆனால் விடுப்புக் கடிதமும் வேலைக்கான விண்ணப்பமும் புகார் மனுவும் எழுத வேண்டிய நாளில், அந்தப் பயிற்சி இல்லாத பிள்ளை திணறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காத ஒரு நல்ல திருப்பம் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் கூகுள் தன் விசைப்பலகையில் பேசினால் தட்டச்சாகும் வசதியைத் தமிழுக்கும் கொண்டுவந்தது. அதைப் பயன்படுத்தும் இளைஞரின் திரையில் விழுவது தமிழ் எழுத்து. பதினைந்து ஆண்டு ஆங்கில எழுத்துப் பழக்கத்தை விசைப்பலகைகளால் மாற்ற முடியாத இடத்தில், வாய் வழியாகத் தமிழ் எழுத்து கைப்பேசிக்குள் திரும்பி வருகிறது. குறைகள் இல்லாமல் இல்லை. வட்டார வழக்கிலும் ஆங்கிலக் கலப்பிலும் பேச்சை எழுத்தாக்கும் பொறி அடிக்கடி தடுமாறும், ஏனென்றால் இத்தகைய பொறிகள் நெடுங்காலம் எழுதியதை வாசிக்கும் குரல்களை வைத்தே அதிகம் பழக்கப்பட்டவை. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, வாசிப்பை மட்டுமல்லாமல் இயல்பான பேச்சையும் உரையாடலையும் 22 இந்திய மொழிகளில் திரட்டி வெளியிட்டிருப்பது அந்தக் குறையை நோக்கிய சரியான வேலை. குரல் செய்தியை எழுத்தாக்கிக் காட்டும் வசதியை வாட்ஸ்அப் 2024 நவம்பரில் அறிவித்தது. தமிழ்ப் பேச்சு வழக்குகளுக்கு இது பிழையின்றி அமைந்தால், மேலே சொன்ன இழப்புகளில் பாதி தீரும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் மூன்று விநாடிக் குரல் மாதிரியை வைத்து அதே குரலில் வேறு வாக்கியங்களைப் பேசவைக்கும் முறையை வெளியிட்டார்கள். எனவே மகளின் குரலில் பணம் கேட்டு அறியாத எண்ணிலிருந்து பதிவு வந்தால், அவருடைய எண்ணுக்கு நீங்களே அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், தடை போடாதீர்கள் என்பேன். உங்கள் மகள் தோழிகளோடு பேசுவதைப் பேசிக்கொள்ளட்டும். வீட்டுக் குழுவில் மட்டும் தேதி, நேரம், தொகை, முகவரி, மருந்தின் பெயர் ஆகியவற்றை எழுத்தில்தான் அனுப்ப வேண்டும் என்று பொதுவாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அதைக் கடைப்பிடியுங்கள். அவருடைய குரல் பதிவுக்கு நீங்கள் தமிழ் எழுத்தில், பேச்சு வழக்கிலேயே பதில் எழுதுங்கள். ‘சாப்டியா’ என்று எழுதுவதில் பிழை ஒன்றும் இல்லை. ஒருநாள் உட்கார்ந்து அவர் கைப்பேசியின் அமைப்புகளில் விசைப்பலகை மொழிகளுக்குப் போய்த் தமிழைச் சேர்த்துக் கொடுங்கள். சேர்த்த பிறகு, செய்தி எழுதும் கட்டத்தைத் தொட்டு, வாட்ஸ்அப்பின் மைக்கை அழுத்தாமல், கூகுள் விசைப்பலகையின் மேற்பட்டையில் இருக்கும் மைக்கை அழுத்திப் பேசச் சொல்லுங்கள். பிழையாக விழுந்த ஓரிரு சொற்களை அவரே விரலால் திருத்தி அனுப்பட்டும்.